அர்பாசின் கழுத்து

அர்பாசின் தலை மல்யுத்த மெத்தையில் இறங்கிய சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிப் போட்டால் வருமே, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. அவன் மேல் விழுந்திருந்த ராஜ்குமார் உருண்டு எழுந்து, "எந்திரிடா, நடிக்காத" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அர்பாஸ் அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

"சார்," என்றான், "கை வரமாட்டேங்குது."

பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த முனிவேல் ஓடிவந்தார். மெத்தையில் மண்டியிட்டு, பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அவன் காதுகளின் மேல் வைத்துத் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டார். என்றோ கிருஷ்ணகிரியில் நடந்த முதலுதவி முகாமில் ஒரு டாக்டர் சொன்னது அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த முகாம். பாதி நேரம் முனிவேல் தூங்கினார். "கழுத்துல அடின்னா தலையைப் பிடிங்க, ஆம்புலன்ஸ்காரன் வந்து எடுக்கச் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க" என்ற ஒரு வரி மட்டும் எப்படியோ காதில் விழுந்து தங்கியிருந்தது.

"சுவாதி, நூத்தியெட்டுக்குப் போடு. அப்புறம் இவங்க அத்தாவுக்கு. ராஜ்குமார், அவனத் தொடாத. யாரும் தொடக் கூடாது."

ஒன்பதாம் வகுப்பு சுவாதி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். சனிக்கிழமை, காலை எட்டே முக்கால். பள்ளிக்கூடத்தில் வேறு வாத்தியார்கள் யாரும் இல்லை.

கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே ரோட்டோரமாக இருக்கிற அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் முனிவேல் சமூக அறிவியல் வாத்தியார். முதலாம் பானிபட் போரை நடத்த ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷத்தில் பாபர் இப்ராகிம் லோடியின் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியிருப்பார். அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கைக் கோட்டைவிட்ட பிள்ளைகளும் உண்டு. மல்யுத்தம் சொல்லிக்கொடு என்று அரசாங்கம் அவரைக் கேட்கவில்லை, அதற்கென்று எதுவும் கொடுக்கவும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஆறு மணிக்கு ஒரு அலுமினியப் பாத்திரம் நிறைய வேகவைத்த முட்டையோடு வந்து நிற்பார். லீவு என்றால் ஏழரை மணி. மழை என்றாலும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்கி ரோட்டை மறித்தாலும் வருவார். அப்பனும் அம்மாவும் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போய்விட்ட வீடுகளில் காலையில் பிள்ளையை எழுப்புவதே முனிவேல் சாரின் போன்தான். "நீங்க என்னைக் கட்டுனீங்களா, அந்த மெத்தையக் கட்டுனீங்களா" என்று அவர் மனைவி ருக்மணி கேட்பதில் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட மனிதர் தப்பே செய்யமாட்டார் என்று ஊர் நம்பும். அவரும் நம்பிவிட்டார் என்பதுதான் கொடுமை.

ஏனென்றால் இன்று காலை இந்தக் கழுத்தில் கை வைத்தவர் அவர்.

எட்டு மணிக்கு அர்பாஸ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "சார், நேத்து தலைய ஊனி பிரிட்ஜ் போட்டதுல கழுத்து புடிச்சிக்கிச்சு. இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது" என்றான். மல்யுத்தக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு வியாதியா? முனிவேலின் கழுத்து அவர் காலத்தில் நூறு தடவை பிடித்துக்கொண்டிருக்கிறது, நூறு தடவையும் எவனாவது ஒருவன் சொடக்கு எடுத்து விட்டிருக்கிறான். அர்பாசை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்து, "தளர வுடு" என்றார். வெடுக்கென்று திருப்பினார். டக் என்றது. "இப்ப?" என்றார். "பரவால்ல சார்" என்றான் அர்பாஸ். திரும்பிப் பார்க்கச் சொன்னார். திரும்பினான், முகத்தைச் சுளித்தான்.

அந்தச் சுளிப்பை முனிவேல் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் மாவட்டப் போட்டி. ஐம்பத்தைந்து கிலோவில் அர்பாசை அடிக்க இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. அவர் கையால் வளர்ந்த பையன் ஒருவன் முதல்முறையாக மாநிலப் போட்டிக்குப் போகப் போகிறான். பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துக்கொண்டு, "போ, ராஜ்குமார்கூட எறங்கு" என்று அனுப்பினார். ராஜ்குமார் அவனைவிடப் பத்துக் கிலோ கூடுதல்.

இப்போது அந்தத் தலை அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. சூடாக, வியர்வையோடு, தன் பாரத்தைப் பூராவும் அவரிடமே விட்டுவிட்டு. விழுந்ததால் போனதா, தான் திருப்பியதால் போனதா? அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அவரை உள்ளுக்குள் போட்டு உருட்டியது.

"சார், என் கால எறக்கி வுடுங்க சார்."

"என்னடா?"

"கால் மேல தூக்கிட்டே இருக்குது. வலிக்குது சார். எறக்கி வுடச் சொல்லுங்க."

முனிவேல் அவன் கால்களைப் பார்த்தார். இரண்டும் மெத்தையில் நீட்டிக் கிடந்தன, அசையாமல். விழும்போது மேலே போன கால்கள், அவனைப் பொறுத்தவரை இன்னும் கீழே வரவில்லை. ராஜ்குமார் அதைக் கேட்டுவிட்டு மெத்தை ஓரத்தில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"இதோ எறக்கறோம்டா" என்றார் முனிவேல். போன் பேசி முடித்து வந்த சுவாதியிடம் கண்ணைக் காட்டினார். அவள் புரிந்துகொண்டு, அவன் முழங்காலிலிருந்து பாதம் வரை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள்.

"எறக்கியாச்சு" என்றாள்.

"இல்லக்கா, இன்னும் மேலதான் இருக்குது" என்றான் அர்பாஸ். அவளைவிட அவன் ஒரு வகுப்பு மேலே படிக்கிறவன். அக்கா என்கிறானே என்று அவளும் பயந்து முனிவேலைப் பார்த்தாள். அவரிடம் கொடுப்பதற்குத் தைரியம் எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் ஓசூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். தேன்கனிக்கோட்டை வண்டி ஒரு பிரசவத்துக்குக் காட்டோரக் கிராமத்துக்குப் போயிருந்தது. முக்கால் மணி நேரம். முனிவேல் ஒவ்வொரு நிமிஷமாகத் தாண்டினார். முழங்கால் மரத்தது. தோள் நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் கைக்கு இறங்கி, கையிலிருந்து கழுத்துக்குப் போய்விடுமோ என்று மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாக விட்டார். பையனின் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட அவரிடம் கை மிச்சமில்லை. அர்பாஸ் கண்ணை மூடினால் செத்துவிட்டானோ என்று பயம், திறந்தால் ஏதாவது கேட்டுவிடுவானோ என்று பயம்.

இருபது நிமிஷத்தில் பைக் சத்தம் கேட்டது. அர்பாசின் அத்தா குலாம் முகம்மது. கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டில் செருப்புக் கடை வைத்திருப்பவர். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்து வந்தவர் ராமப்பன், சுத்துப்பட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்.

குலாம் முகம்மது ஓடிவந்து மகனின் மார்பில் கை வைத்தார். "அர்பாஸ், அத்தா வந்துட்டன்டா."

"அத்தா, கால் மேல இருக்குது, எறக்கி வுடச் சொல்லு."

அந்த மனிதர் காலைப் பார்த்தார், முனிவேலைப் பார்த்தார்.

ராமப்பன் குனிந்து கண்ணாலேயே அளந்தார். அவர் தாய்மொழி தெலுங்கு. தமிழை நிதானமாகப் பேசுவார். "எலும்பு சரிஞ்சிருக்குது சார். நீங்க ஒதுங்குங்க. ஒரு இழுப்பு இழுத்தா உக்காந்துரும். நேரம் போனா வீங்கிக்கும், அப்புறம் கஷ்டம்."

"வேணாங்க. ஆம்புலன்ஸ் வருது."

"ஆம்புலன்ஸ்காரன் என்னா பண்ணுவான்? தூக்கிட்டுத்தான போவான்?"

"ராமப்பன் என் தோள உக்கார வெச்சவரு சார்" என்றார் குலாம் முகம்மது. "ஒரே நிமிஷத்துல. வுடுங்க, பாக்கட்டும்."

"வுடமாட்டன் பாய்."

"என் புள்ள சார் அவன்."

குலாம் முகம்மது அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. முனிவேல் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் கை ஆடும் என்று பயந்தார். "பாய், என் கையப் புடிச்சி இழுத்தீங்கன்னா நகர்றது அவன் தலதான். பாத்துக்குங்க" என்றார்.

அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. குலாம் முகம்மது அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ராமப்பன் மட்டும் போகவில்லை. கைப்பக்குவம் உள்ள மனிதர், கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி யாராச்சும் இந்தக் கழுத்துல கை வெச்சாங்களா?"

மெத்தை ஓரத்தில் ராஜ்குமாரின் அழுகை நின்றது. சுவாதி தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் காலையில் ஸ்டூல் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்.

"இல்ல" என்றார் முனிவேல்.

சொல்லிவிட்டுக் குனிந்தார். அவர் மடிக்கு நேராக, தலைகீழாக, அர்பாசின் கண்கள் திறந்திருந்தன. அவரையே பார்த்தன. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முன்னால் பாடம் நடத்தியவருக்கு, அந்த ஒரு ஜோடிக் கண்ணைத் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைத் திறந்து மாற்றிச் சொல்ல வரவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் இந்த அப்பன் என்னை இங்கிருந்து எழுப்பிவிடுவான், எழுப்பினால் ராமப்பன் உட்காருவார், இழுப்பார் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். காரணம் பொய்யில்லை. முழுக் காரணமும் அது இல்லை என்று அவருக்கே தெரியும்.

ஆம்புலன்ஸ் ஒன்பதரைக்கு வந்தது. கழுத்துப் பட்டை போட்டு, பலகையில் ஏற்றி, தலைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துக் கட்டினார்கள். "சார், போதும், கைய எடுங்க" என்றார் வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர். முனிவேல் எடுக்கத்தான் நினைத்தார். விரல்கள் விறைத்துப்போய்த் திறக்க மறுத்தன. அந்த இளைஞர் ஒரு விரலாகப் பிரித்து எடுத்தார். கை விடுபட்டதும், தலையைத் தவறவிட்ட மாதிரி அவருக்குத் திக்கென்றது.

வண்டியில் குலாம் முகம்மதும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த ரோட்டில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று முனிவேலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் பல்லைக் கடித்தார். குலாம் முகம்மதின் உதடுகள் துஆ ஓதி அசைந்துகொண்டே இருந்தன. மத்திகிரி தாண்டும்போது அர்பாஸ் பேசினான்.

"சார், கால் எறங்கிடுச்சு."

"என்னடா சொல்ற?"

"கீழ வந்துடுச்சு சார். யாரோ வெச்ச மாதிரி."

உதவியாளர் அவன் உள்ளங்காலைக் கிள்ளினார். "தெரியுதா?" "லேசா தெரியுது." குலாம் முகம்மது "யா அல்லாஹ்" என்று சத்தமாகவே அழுதுவிட்டார். முனிவேலும் அழுதார். ஆனால் பயம் போகவில்லை. ஒரு படி இறங்கி நின்று கவனித்தது.

ஓசூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு, இதை பெங்களூரில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். "எப்படி ஆச்சு?" என்று கேட்ட டாக்டரிடம், "பயிற்சியில் தலைகுப்புற விழுந்துட்டான்" என்றார் முனிவேல். அதிலும் பொய் இல்லை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகமுடியும் என்று அன்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்திப்பள்ளியில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடாமல் நின்றன. சைரன் கத்திக்கொண்டே இருந்தது. எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பலகைகள் வர ஆரம்பித்தபோது, ஊரைவிட்டு ஓடுகிறவனைப் போல அவருக்கு இருந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் முனிவேல் கவுண்டரில் நின்று படிவம் நிரப்பினார். உள்ளே தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரோடு கதவுவரை குலாம் முகம்மதுதான் நடந்தார். மகன் வாய்க்கு அருகே காதை வைத்துக்கொண்டு நடந்ததை முனிவேல் தூரத்திலிருந்து பார்த்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

மதியம் இரண்டரைக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசினார். கழுத்தில் ஒரு எலும்பு விலகி உடைந்திருக்கிறது. தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை. நாளைக் காலை ஆபரேஷன். கையும் காலும் திரும்பி வர வாய்ப்பு நன்றாக இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாம். மல்யுத்தம் இனிமேல் கிடையாது. "அங்க தலையை அசையாம பிடிச்சது யாரு?" என்று கேட்டார். குலாம் முகம்மது முனிவேலைக் காட்டினார். "நீங்கதானா? ரொம்ப சரியா செஞ்சிருக்கீங்க. வேற யாராவது இழுத்திருந்தா பையன் இல்ல" என்று முனிவேலின் தோளைத் தட்டிவிட்டு டாக்டர் போனார்.

தோளில் அந்தத் தட்டல் விழுந்த இடம் எரிந்தது. குலாம் முகம்மது ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனிவேல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். போலீஸ், வேலை, ஊர்ப் பேச்சு எல்லாம் வரிசையாக வந்து பயமுறுத்தின. ஆனால் அவர் மிகவும் பயந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த செருப்புக் கடைக்காரருக்குத்தான்.

"பாய், ஒண்ணு சொல்லணும்."

குலாம் முகம்மது அசையவில்லை.

"காலையில வந்து கழுத்து புடிச்சிருக்குன்னான். நான்தான் சொடக்கு எடுத்தன். அப்பவே மூஞ்சச் சுளிச்சான். பாத்தன். பாத்துட்டும் எறக்கி வுட்டன். ராமப்பன் கேட்டப்ப பொய் சொன்னன். டாக்டர்கிட்டயும் சொல்லல. இப்பப் போயி அவருகிட்ட சொல்லிடறன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

குலாம் முகம்மது சுவரைப் பார்த்தபடியே பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"தெரியும் சார்."

முனிவேல் திரும்பி அவரைப் பார்த்தார்.

"கதவாண்ட என் காதுல சொன்னான். அத்தா, சார் சொடக்கு எடுத்ததுல எனக்கு வலியே போயிடுச்சு, நான்தான் தப்பா வுழுந்தன், சார ஒண்ணும் கேக்காதன்னான். நான் எதயும் கேக்கவேயில்ல சார் அவன. வலி போயிடுச்சுன்னா எதுக்கு அவனாவே வந்து சொல்றான்? அவன் பொய் சொல்றது எனக்குத் தெரியாதா?" அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "கழுத்து ஒடஞ்சி, கை கால் வராம கெடக்கறான். அப்பவும் உங்களுக்காகப் பொய் சொல்றான். எனக்கு அதான் சார் தாங்கல."

முனிவேல் ஏதோ சொல்ல வந்தார். குலாம் முகம்மது கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிச்சிட்டன்னு சொல்ல இப்ப எனக்கு மனசு வரல. வந்தா சொல்றன். இல்லன்னா இல்ல."

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அர்பாஸ் கடேயவரு யாரு? ஒப்பரே பன்னி" என்றாள் கன்னடத்தில். அர்பாசைச் சேர்ந்தவர்களில் ஒரே ஒருவர்தான் உள்ளே போகலாம்.

முனிவேல் நகர்ந்து வழிவிட்டார். குலாம் முகம்மது எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க."

"பாய், நீங்கதான் அவனுக்கு…"

"நான் போனா மறுபடியும் அதே பொய்ய சொல்லுவான். படுத்துக் கெடக்கறவனுக்கு அது வேற ஒரு பாரமா? நீங்க போயி, அத்தாகிட்ட சொல்லிட்டன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் நான் போறன்."

உள்ளே ஏசி குளிர்ந்தது. அர்பாசின் நெற்றியில் இரும்பு வளையம் ஒன்றை மாட்டித் தலையைப் பின்னாலிருந்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவனால் கண்ணை மட்டும்தான் திருப்ப முடிந்தது. முனிவேல் அவன் பார்வை படுகிற இடத்தில் போய் நின்றார்.

"சார், அத்தா உங்கள ஏதாச்சும் கேட்டாரா?"

"இல்லடா. நானே சொல்லிட்டன்."

"எத சார்?"

"எல்லாத்தயும். நீ சுளிச்சத நான் பாத்ததையும்."

அர்பாஸ் அவரையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் ஓரமாக வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவன் கை வரவில்லை. முனிவேல் துடைப்பதற்குக் கையை நீட்டினார். தலையில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது. அவர் திரும்பி நர்சைக் கூப்பிட்டார்.